120-க்குப் பக்கத்தில் 121 இல்லை

மாலை ஆறு மணி இருக்கும். பினாங்கு லெபோ பசாரில், மாரியம்மன் கோயில் பக்கம் திரும்பும் முனையில், சாப்பாடு கொண்டுவந்த பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, கைப்பேசியையும் கடை வரிசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இந்த நம்பர் எங்க இருக்கு?"

கடைமுன் கூரையிட்ட நடைவழியான அஞ்சடியில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்தார். "யாரு கடப்பா?"

"கட பேரு போடலக்கா. நம்பர் மட்டுந்தான் இருக்கு."

எந்த நகைக்கடையில் யார் கல்லாவில் உட்காருவார், எந்தக் கடைக்கு மேலே முன்பு யார் குடியிருந்தார் என்பதெல்லாம் அந்த அம்மாளுக்கு அத்துப்படி. நம்பர் தெரியாது. தான் உட்கார்ந்திருந்த கடையின் நம்பரே தெரியாது. அது அவர் தலைக்கு மேலே தூணில்தான் இருந்தது. தொங்கிய பூச்சரங்கள் மறைத்திருந்தன. கடைசியில், பையன் தேடிய கடை எதிர்வரிசையில் நான்கு கதவு தள்ளி இருந்தது.

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருவில் இருப்பவர்களுக்குக் கதவு எண் எதற்கு? தெருவை அறியாதவனுக்காக ஏற்பட்டது அது. தபால்காரர், தீயணைப்பு வண்டி, சாப்பாட்டுப் பையன் எல்லாரும் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள். முதலில் வந்தவர் வரி கேட்டு வந்தவர்.

பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கியது 1786-இல். லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு என்ற நான்கும் எல்லையாக அமைய, கட்டம் கட்டமாக ஊர் எழுந்தது. சாக்கடை வெட்டவும் சாலை போடவும் பணம் வேண்டுமே. 1800-இல் வரி மதிப்பீட்டாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. வீடுகளுக்கு மதிப்புப் போட்டு வரி வாங்குவது அதன் வேலை. பினாங்கு உள்ளாட்சியின் வரலாறே அந்தக் குழுவில்தான் தொடங்குகிறது. இன்றைய மாநகராட்சி ஆண்டுக்கு இருமுறை வாங்கும் மதிப்பீட்டு வரிக்கு மலாய் மக்கள் வைத்திருக்கும் பெயர் 'சுக்காய் பிந்து'. பிந்து என்றால் கதவு. கதவு வரி! வரிக்கும் கதவுக்கும் உள்ள உறவை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

உலகத்தில் வேறு இடங்களிலும் கதை இதேதான். பாரிஸில் நோத்ர்-டாம் பாலத்தின் மேல் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கு 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எண் போட்டார்கள். அவை நகராட்சியின் சொத்து, கணக்கு வைத்தாக வேண்டும். 1770-இல் மரியா தெரசாவின் ஆட்சியில் ஆஸ்திரியப் பேரரசின் பெரும்பகுதியில் வீடு வீடாக எண் எழுதினார்கள். படைக்கு ஆள் எடுப்பதற்கு எந்த வீட்டில் எத்தனை இளவட்டம் இருக்கிறார்கள் என்ற கணக்கு தேவைப்பட்டது. சுவரில் எழுதிய எண்ணை ஜனங்கள் அழித்ததும் உண்டு. பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போக வழிகாட்டும் எண்ணை எந்தத் தாய்தான் விட்டுவைப்பாள்?

அந்த ஆஸ்திரிய எண்ணில் ஒரு குறை இருந்தது. ஊர் முழுதுக்கும் ஒரே வரிசை. வியன்னாவில் அரண்மனைக்கு 1, அங்கிருந்து ஓடும். பிறகு கட்டிய வீட்டுக்குக் கடைசி எண்ணுக்கு அடுத்தது. ஆகவே 40-க்குப் பக்கத்தில் 913 நிற்கலாம். வீடுகளை எண்ணியாயிற்று, தேடிக் கண்டுபிடிக்கும் வழி கிடைக்கவில்லை. ஒரு பொருளுக்குப் பெயர் வைப்பதும், அது இருக்கும் இடத்தைச் சொல்வதும் வேறு வேறு வேலைகள் என்பது அப்போது பிடிபட்டிருக்கவில்லை.

அதைத் தீர்த்தது 1805-இல் பாரிஸ் நகரத்துக்கு நெப்போலியன் ஆட்சி கொண்டுவந்த விதி. தெருவின் ஒரு பக்கத்துக்கு ஒற்றைப்படை, மறுபக்கத்துக்கு இரட்டைப்படை. சேன் ஆற்றுக்குக் குறுக்கே போகும் தெருக்களில் ஆற்றங்கரையிலிருந்து எண் தொடங்கும். ஆற்றோடு போகும் தெருக்களில் நீரோட்டத்தின் திசையில் ஏறும். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1790-களின் தொடக்கத்திலேயே ஒற்றை-இரட்டை முறை வந்துவிட்டது என்றாலும், திசையையும் சேர்த்து ஊருக்கே ஓர் இலக்கணமாக ஆக்கியது பாரிஸ்.

இப்போது பினாங்குத் தலைநகர் ஜார்ஜ்டவுனின் ஆர்மேனியன் தெருவுக்கு வாருங்கள். பீச் தெரு முனையிலிருந்து, அதாவது கடற்பக்கத்திலிருந்து, உள்நோக்கி நடக்கலாம். ஹொக் தெய்க் செங் சின் கோயிலுக்கு எண் 57. பிட் தெரு முனையில் நிற்கும் யாப் குலத்தாரின் கோயிலுக்கு 71. இரண்டும் ஒற்றைப்படை, ஒரே வரிசை. பிட் தெருவைக் கடந்தால் 120: சீனப் புரட்சித் தலைவர் சன் யாட்-சென் 1910-இல் தம் தென்கிழக்காசியத் தலைமையகமாக வைத்திருந்த கடைவீடு. இன்னும் கொஞ்சம் போனால் 128, சையது அலத்தாஸ் மாளிகை. இவை இரட்டைப்படை. 120-ன் வாசலில் நின்று பக்கத்தில் 121-ஐத் தேடினால் கிடைக்காது. பக்கத்து எண் 118 அல்லது 122.

ஆக, 120 என்ற ஒரே எண் மூன்று செய்தி சொல்கிறது. கடைசி இலக்கம் இரட்டைப்படை, எனவே இந்தப் பக்கம். 71-ஐவிடப் பெரியது, எனவே இன்னும் உள்ளே போகவேண்டும். மூன்றாவது, எவ்வளவு தூரம் என்பது. கடைவீட்டின் அகலம் பெரும்பாலும் 18 முதல் 20 அடி. மாடியைத் தாங்கும் மர உத்தரத்தின் நீளம் அதற்குமேல் போகவிடாது. ஐந்தரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் 120-ஆம் எண் என்பது 60-ஆவது கதவு. அறுபதை ஐந்தரையால் பெருக்கினால் 330 மீட்டர். கணக்கு சரியா என்று பெரிய தெருவில் பார்க்கலாம். சூலியா தெருவின் மேற்குக் கோடியை நெருங்கும்போது எண்கள் 350-ஐத் தாண்டுகின்றன. 362 என்றால் 181 கதவு, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். தெருவின் நீளமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

எல்லா இடத்திலும் இப்படிப் பொருந்தும் என்று நம்பிவிடவேண்டாம். எண் கதவைத்தான் எண்ணுகிறது, மீட்டரை அல்ல. பெரிய முற்றம் வைத்த கோயிலுக்கும் ஓர் எண், அடுத்திருக்கும் ஒடுக்கமான கடைக்கும் ஓர் எண். ஒரு பக்கம் மாளிகைகள், மறுபக்கம் கடைவீடுகள் என்றால் இரு பக்கத்து எண்களும் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டே போகும். அதனால்தான் '80-க்கு எதிரே 81' என்று நம்பிப் போகிறவன் ஏமாறுகிறான்.

தூரத்தையே எண்ணாக்கிய ஊர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நாட்டுப்புறச் சாலைகளில் சாலைத் தொடக்கத்திலிருந்து வீடு எத்தனை மீட்டர் என்று அளந்து, பத்தால் வகுத்து எண் தருகிறார்கள். வீட்டு எண் 1530 என்றால் 15.3 கிலோமீட்டரில் வண்டியை நிறுத்தலாம். இடையில் ஆயிரம் வீடு புதிதாக முளைத்தாலும் எண்ணுக்குப் பஞ்சமில்லை.

நம் ஊரில் அந்தப் பஞ்சம்தான் A, B-யைக் கொண்டுவந்தது. 82-க்கும் 84-க்கும் நடுவே புதிதாக ஒரு கதவு வந்தால் எண் எங்கே? முழு எண்களுக்கிடையே இடம் காலியில்லை. தெரு முழுக்க எண்ணை மாற்றலாம். மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை சாட்சி. அங்கே கல்யாணப் பத்திரிகையில்கூட 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டையும் அச்சடிக்கிறார்கள். ஜார்ஜ்டவுன் அந்த வம்புக்குப் போகாமல் 82A என்று எழுதிவிட்டுப் போய்விட்டது. இலங்கையில் உள்ளொழுங்கையில் இருக்கும் வீட்டுக்கு 45/3 என்பதுபோல் கோடு போடுவார்கள். என்னைக் கேட்டால் இலங்கை முறையே மேல்; கோட்டைப் பார்த்ததும் ஒழுங்கைக்குள் திரும்பவேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. நம் A-யோ பக்கத்துக் கதவாகவும் இருக்கலாம், மாடியாகவும் இருக்கலாம்.

பீச் தெருவின் 153, 155 எண் கட்டடங்களை ஒன்றாக இணைத்து 'சைனா ஹவுஸ்' என்ற உணவகம் நடக்கிறது. உள்ளே நுழைந்து முற்றம் முற்றமாகத் தாண்டிப் பின்பக்கம் வெளியே வந்தால் நீங்கள் விக்டோரியா தெருவில் நிற்பீர்கள். அங்கே அதன் எண் 183B. ஒரே கூரைத்தொடருக்கு இரண்டு தெருவில் முகவரி. இதற்கு நேர்மாறான காட்சியையும் இந்த நகரம் கண்டிருக்கிறது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வரும்வரை, மலிவு வாடகையில் ஒரு கடைவீட்டைத் தடுப்பு வைத்துப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. தபால்காரருக்கு அது ஒரே எண். மேலே ஐந்து அடுப்பு எரிந்தாலும் கீழே ஒரே கதவு. ஊரிலிருந்து கடிதம் வருகிறவர்கள் 'மே/பா' போட்டுக் கீழ்க்கடைக்காரர் பெயரை எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கடலை நிரப்பியபோது நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு காலத்தில் பீச் தெரு பெயருக்கேற்ப கடற்கரையில்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதற்குக் கிழக்கே கடலைத் தூர்த்து, ஆளுநர் வெல்டின் பெயரில் வெல்ட் துறை எழுந்தது. தெருக்களெல்லாம் கடற்பக்கம் நீண்டன. எண்ணோ பீச் தெரு முனையிலிருந்து தொடங்கியாயிற்று. ஒன்றுக்கு முன்னால் எதை வைப்பது? சூனியமா, கழித்தல் ஒன்றா? நீண்ட துண்டுகளுக்குத் தனிப்பெயர் கிடைத்தது: 'காட்'. காசியில் கங்கைப் படித்துறைக்குச் சொல்கிறோமே, அதே சொல். சூலியா தெருவின் கடற்பக்கத் துண்டு இன்று காட் லெபோ சூலியா, எண்ணும் தனி. பழைய தெருவின் ஒரு பலகையையும் கழற்றவேண்டியிருக்கவில்லை.

சீனர்கள் கதவுகளோடு நிற்காமல் தெருக்களையும் எண்ணினார்கள். நகரத்தின் தெற்குப் பகுதியில் மகசின் சாலையிலிருந்து ஹொக்கியன் மொழியில் முதல் தெரு, இரண்டாம் தெரு என்று ஏழுவரை கணக்கு. செசில் தெருச் சந்தையை இன்றும் 'ஏழாம் தெருச் சந்தை' என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். அந்த இரண்டாம் தெருவின் அரசுப் பெயர் நூர்தீன் தெரு; தமிழ் முஸ்லிம் பெருவணிகர் முகமது மரிக்கான் நூர்தீனின் பெயர். அவர் குடும்ப அடக்கத்தலம் சூலியா தெருவில் இருக்கிறது. ஆங்கிலேயர் கண்ணுக்கு அது ஒரு கனவானின் பெயர். அங்கே குடியிருந்த சீனருக்கு அது வெறும் இரண்டு. தேடிப் போகிறவனுக்கு எது உதவும்? இரண்டாம் தெருவை அடைந்தவனுக்கு மூன்றாம் தெரு எங்கே என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

எண் என்றால் நான்கையும் பேசவேண்டும். ஹொக்கியனிலும் மாண்டரினிலும் 'நான்கு'க்கும் 'சாவு'க்கும் ஒலி மிக நெருக்கம். மலேசியாவில் அடுக்குமாடி மின்தூக்கிகளில் 3-க்கு அடுத்து 3A, பிறகு 5. புதுக் குடியிருப்புகளின் வீட்டு வரிசையிலும் இதே. ஆனால் 3A என்பது மறைந்திருக்கும் 4-ஆ, 3-க்கும் 5-க்கும் இடையில் செருகிய வீடா என்று பலகையைப் பார்த்துச் சொல்லமுடியாது. ஒரே குறிக்கு இரண்டு அர்த்தம் வந்தால் எந்தக் குறியீட்டு முறையும் தடுமாறும். இத்தனை அச்சத்துக்கு நடுவே, ஜார்ஜ்டவுனின் புகழ்பெற்ற சீனச் செல்வர் சியோங் ஃபாட் சே கட்டிய நீல மாளிகை லீத் தெருவில் 14 என்ற எண்ணோடு கம்பீரமாக நிற்கிறது. கண்டோனியர் காதில் 14 என்பது 'நிச்சயம் சாவு' என்று விழுமாம். அந்த மாளிகைக்கு 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ மரபுப் பாதுகாப்பு விருதே கிடைத்தது.

நகரத்துக்கு வெளியே போனால் முறை மாறுகிறது. பாலேக் பூலாவ் பக்கம் தெருப் பெயருக்குப் பதிலாக முக்கிம் எண் போட்ட முகவரிகளைப் பார்க்கலாம். முக்கிம் என்பது நில நிர்வாகப் பிரிவு. வரிசையைக் கோட்டில் ஓடவிடாமல் பரப்பில் பரப்பும் இந்த முறை ஜப்பானுக்கு நெருக்கம்; அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே இல்லை, மனைத்தொகுதிக்குத்தான் எண். தென்கொரியாவும் அப்படித்தான் இருந்து, 2014-இல் தெருப்பெயர் முறைக்கு முழுதாக மாறியது. இங்கே டுரியான் தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டைத் தேடுகிறவன் வாரோங் என்ற சிறு உணவுக்கடையில் இறங்கிக் கேட்கிறான். இன்றும் அதுதான் வேகமான வழி.

கிரீன் லேன் பக்கமுள்ள ஐலண்ட் கிளேட்ஸ் குடியிருப்பில் சிக்கல் வேறு. டெலிமா என்ற ஒரே பெயர். முன்னால் ஜாலான், லோரோங், லிந்தாங், லெங்கோக் என்று அடைமொழிகள். முகவரியில் முதல் சொல்லை விட்டுவிட்டால் 12-ஆம் எண் வீடு எத்தனை இருக்குமோ அத்தனை வாசலிலும் மணி அடிக்கவேண்டியதுதான். தெரு, எண், அஞ்சல் குறியீடு என்று ஒரே இடத்தை மூன்று விதமாகச் சொல்வது வீண் என்று தோன்றலாம். ஒன்றில் பிழை விழுந்தால் மற்றது காட்டிக்கொடுக்கவேண்டும் என்பதற்காகத்தான் அந்த மிகை. மலேசிய அஞ்சல் குறியீட்டின் முதல் இரண்டு இலக்கம் 10-இலிருந்து 14-க்குள் இருந்தால் பினாங்கு. கடிதத்தில் மாநிலம் தப்பாக எழுதியிருந்தாலும் உறை இங்கே வந்துவிடும். அங்கிருந்து வாசல்வரை கொண்டுவருவது எண்ணின் பொறுப்பு.

அந்த எண் கண்ணில் படவேண்டுமே. இங்கேதான் நாம் கோட்டைவிடுகிறோம்.

கண் மருத்துவர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்கிறாரே, அதன் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. நல்ல பார்வை உள்ளவர் ஓர் எழுத்தைப் படிக்க, அந்த எழுத்தின் உயரம் அவர் கண்ணில் 5 கலை கோணமாவது அமையவேண்டும். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை. பத்து மீட்டர் தொலைவில் அது சுமார் 15 மில்லிமீட்டர் உயரம். இது நின்று, நிதானமாக, நல்ல வெளிச்சத்தில் படிப்பவருக்கு. மோட்டார் சைக்கிளில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவன் நொடிக்கு 8.3 மீட்டர் கடக்கிறான். ஐந்தரை மீட்டர் கடைவீடு ஒன்றுக்கு அவனுக்குக் கிடைப்பது முக்கால் நொடியும் இல்லை. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் தீயணைப்பு விதிநூல், கட்டட எண் குறைந்தது 4 அங்குல உயரமும் அரை அங்குலத் தடிமனும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியும் நிறமும் கொண்டிருக்கவேண்டும் என்கிறது. தடிமன் உயரத்தில் எட்டில் ஒரு பங்கு. மெல்லிய கம்பியில் வளைத்த அலங்கார எண்கள் இதில் தேறா. தூரத்தில் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும், 5-ம் 6-ம் குழம்பும்.

ஜார்ஜ்டவுனில் இன்னொரு தொல்லை அஞ்சடி. வெயிலுக்கும் மழைக்கும் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் எண் கதவின் மேல் இருந்தால் அது நிழலின் ஆழத்தில் கிடக்கிறது. நண்பகல் வெயிலில் நிற்பவனின் கண்மணி சுருங்கியிருக்கும். அவனுக்கு அஞ்சடி ஓர் இருட்டுக் குகை. எண் தூணின் தெருப்பக்க முகத்தில் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் தூணில் நான்கு மொழியில் விளம்பரம், அதற்குமேல் பூச்சரம், அதற்குமேல் தோரணம். தங்க எழுத்தில் ஆளுயரத்துக்குக் கடைப்பெயர் செதுக்கிய சீனக் கடைகளிலும் எண் மட்டும் தீப்பெட்டி அளவு.

எண்ணையே பெயராக்கிக்கொண்டவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. லவ் லேனில் ஒரு தங்கும் விடுதியின் பெயரே '23 லவ் லேன்'. சீனப் புரட்சி வரலாறு படித்தவர்களுக்கு '120 ஆர்மேனியன் தெரு' என்றால் போதும். வெல்ட் துறையில் கடலின் மேல் மரக்கால் ஊன்றி நிற்கும் சியூ குலத்தாரின் படகுத்துறை வீடுகளிலும் எண் உண்டு. காலுக்குக் கீழே மண் கிடையாது, அலைதான். ஆனால் கதவு இருக்கிறது, கதவுக்கு எண் இருக்கிறது, கடிதம் போய்ச் சேருகிறது.

இன்று இருட்டிய பிறகு உங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் போய் நின்று, உங்கள் எண்ணைப் படித்துப் பாருங்கள். 999-ஐ அழைத்து நீங்கள் சொல்லப்போவது அந்த எண்ணைத்தான். படிக்க முடியவில்லை என்றால் முதலில் பூச்சரத்தை நகர்த்துங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் நாளைக்கே நாலு அங்குலத்தில் எழுதிவிடுங்கள்.